அரிசியைக் குறைக்கச் சொன்ன டாக்டர்: சேலத்துக் கேள்விகளும் என் பதில்களும்

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் இல்லை. நாலு ரோட்டுப் பக்கம் ஒரு லேபில் 30 வருஷம் ரத்தம் எடுத்து ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தவன். ஓய்வு பெறுவதற்குள் எனக்கே சர்க்கரை வந்துவிட்டது. பார்த்த டாக்டர், “சோறு, இட்லியை நிறுத்துங்கள், முட்டை, கறி, தேங்காய், நெய் என்று போங்கள்” என்றார். அன்றிலிருந்து இந்தச் சாப்பாடுதான். பேலியோ என்கிறவர்கள் உண்டு, கீட்டோ என்கிறவர்கள் உண்டு. பெயர் எதுவானாலும் மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுவதுதான் விஷயம். கேட்டவர்கள் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும்.

அம்மாபேட்டை, தறி ஓட்டுபவர்: அண்ணா, வயசு 46. மூணு மாசச் சர்க்கரை (HbA1c) 9.2. டாக்டர் இந்த டயட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடுகிறேன். நாளைக்கே சோத்தை நிறுத்திடலாமா?

நிறுத்தலாம் தம்பி. ஆனால் முதல் வேலை சமையலறையில் இல்லை, மாத்திரை டப்பாவில் இருக்கிறது.

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தடாலென்று இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படி இல்லை. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை அது. நீங்கள் சோறு தின்றீர்களா, முட்டையோடு எழுந்துவிட்டீர்களா என்றெல்லாம் அது பார்க்காது. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஆரம்பித்த மூன்றாம் நாள், காலையில் இரண்டு முட்டையைத் தின்றுவிட்டு, பழைய கணக்குப்படி முழு மாத்திரையையும் போட்டுக்கொண்டு ஏற்காடு பஸ் ஏறினேன். மேலே போக மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. பாதி தாண்டியதும் தலை சுற்றியது. மலைப்பாதை, சுற்றத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் விரல்கள் நடுங்கின. ஜன்னலில் சில்லென்று காற்று அடிக்கிறது, எனக்கோ சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வியர்க்கிறது. அப்போதுதான் பொறி தட்டியது. பக்கத்து சீட்டு அம்மா பேரனுக்கு வைத்திருந்த ஆரஞ்சு மிட்டாயில் நாலைக் கேட்டு வாங்கி, கடகடவென்று கடித்து விழுங்கினேன். அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மேலே இறங்கிச் சோதித்தபோதுகூட 74தான். வீட்டுக்கு வந்து டாக்டர் சீட்டைப் பிரித்தால், “மாத்திரை பாதி” என்று அவர் எழுதியே கொடுத்திருக்கிறார். படிக்காமல் மடித்து வைத்தது நான்.

அதனால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: “சோற்றை நிறுத்துகிற அன்றைக்கு எந்த மாத்திரையை எவ்வளவு குறைக்கணும்?” பிரஷர் மாத்திரை போட்டால் அதையும் கேளுங்கள், இந்தச் சாப்பாட்டில் பிரஷரும் இறங்கும். குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கி, முதல் இரண்டு வாரம் தினமும் மூன்று நான்கு தடவை பார்த்து நோட்டில் எழுதுங்கள். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் டயட் கிடக்கட்டும், சர்க்கரைதான் மருந்து.

சூரமங்கலம்: எனக்கு டாபாகிளிஃப்ளோசின் கொடுத்திருக்கிறார்கள் சார். அதுவும் இப்படித்தானா?

இல்லை, இது வேறு வம்பு. “ஃப்ளோசின்” என்று முடிகிற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுபவை. அவற்றோடு மாவுச்சத்தையும் அடியோடு வெட்டினால், மீட்டரில் சர்க்கரை ஏறாமலே, கொழுப்பு எரியும்போது உண்டாகிற கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குப் போகலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால், மீட்டர் 150 காட்டுகிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். அவசர சிகிச்சைக்குப் போய் மாத்திரைப் பெயரையும் டயட்டையும் சொல்லுங்கள். டயட் சொன்ன டாக்டரும் மாத்திரை எழுதிய டாக்டரும் வேறு வேறு ஆளாக இருந்தால், இருவருக்கும் இது தெரிந்த பிறகுதான் ஆரம்பிக்கணும்.

அஸ்தம்பட்டி, இல்லத்தரசி: என் வீட்டுக்காரருக்குக் காலையில் இட்லி இல்லாமல் விடியாது. நாலு இட்லிதானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது அண்ணா?

ஒரு இட்லியில் மாவுச்சத்து சுமாராக 8 முதல் 10 கிராம். நாலுக்கு 40 வைத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒரு கப் சோற்றில் 40, 45. நம் ஊர்க்காரர் எவர் ஒரு கப்போடு எழுந்தார்? சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. குறைமாவு உணவு என்றால் நாள் முழுக்க 130 கிராமுக்குள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது மதியமே தீர்ந்துவிட்டது. கீட்டோ என்றால் இன்னும் கறார், 20 முதல் 50 கிராம்.

எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். காலையில் நெய்யில் மூன்று முட்டை ஆம்லெட், வெங்காயம் கொஞ்சமாக, ஏற்காட்டு மிளகு தாராளமாக. மதியம் கறியோ மீனோ கால் கிலோ, அதோடு ஒரு பெரிய கிண்ணம் பொரியல். பீன்ஸ், கோஸ், சுரைக்காய், கீரை என்று மாற்றி மாற்றி, தேங்காய் கையோடு தூவி. மேச்சேரி ஆட்டுக் கறி கிடைத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திருவிழா. மேட்டூர் மீன் வந்தால் குழம்பில் புளியைக் குறைத்துத் தேங்காய்ப்பால் விடுவோம். ராத்திரி பசித்தால் பனீர், இல்லாவிட்டால் ஒரு கை ஊற வைத்த பாதாம். காலிஃபிளவரைத் துருவி வதக்கிச் சோறு மாதிரி போடலாம் என்பார்கள். அது காலிஃபிளவர்தான், சோறு இல்லை. பெயரை மாற்றி நாக்கை ஏமாற்ற முடியாது. ஆனால் குழம்பு ஊற்றிப் பிசைய ஏதாவது வேண்டும் என்கிற கைக்கு அது உதவும்.

ஆத்தூர், சேகோ ஆலை வேலை: ஜவ்வரிசி லேசானதுதானே ஐயா, காய்ச்சல்காரருக்கே கஞ்சி வைக்கிறோம். அது ஆகுமா?

ஆலையில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே! குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, தோலுரித்து அரைத்து, பாலைத் தொட்டியில் விட்டு, மேலே நிற்கிற தண்ணீரை வடித்த பிறகு அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இறுகிக் கிடக்கிறதே, அதுதான் மாவுச்சத்து. புத்தகப் படத்தில் இல்லை, உங்கள் மண்வெட்டியிலேயே வருகிறது. அதை உருட்டினால் ஜவ்வரிசி. 100 கிராமில் 88 கிராம் வெறும் மாவுச்சத்து, புரதம் பேருக்குக்கூட இல்லை. காய்ச்சல்காரருக்குச் சீக்கிரம் ஜீரணமாகிச் சர்க்கரையாக மாறுவதால்தான் அது லேசு. அதே காரணத்தால்தான் நமக்கு ஆகாது. நம் ஜில்லாவுக்கே சோறு போடுகிற பொருளைத் திட்ட மனசு வரவில்லை, ஆனால் கணக்கு கணக்குதான்.

செவ்வாய்ப்பேட்டை: இவ்வளவு நெய்யும் கறியும் தின்றால் ரத்தக்குழாயில் கொழுப்பு அடைக்காதா? பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. லேபில் நான் பார்த்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரத்தத்தை மெஷினில் சுற்றி எடுத்தால் சிவப்பு அடியில் தங்கி, மேலே சீரம் தெளிந்த எலுமிச்சை நிறத்தில் நிற்கும். சிலருக்கு மட்டும் அது ஆவின் பால் பாக்கெட்டை ஊற்றியது போல வெள்ளையாக நிற்கும். டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு ஏகத்துக்கும் ஏறியவர்கள் அவர்கள். “நெய், கறி நிறையவா?” என்று கேட்பேன். பல பேர், “ஐயோ, எண்ணெயே தொடுவதில்லை சார், சோறும் ரசமும்தான்” என்பார்கள். மிச்சமாகிற மாவுச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றிவிடுகிறது என்பது எனக்கு அப்படித்தான் புத்தியில் ஏறியது. குடியும் பரம்பரையும்கூடக் காரணமாக இருக்கும், அதை மறைக்கக் கூடாது.

இந்தச் சாப்பாட்டில் டிரைகிளிசரைடு பெரும்பாலும் இறங்கும், நல்ல கொழுப்பு எச்டிஎல் கொஞ்சம் ஏறும். கெட்டது என்கிற எல்டிஎல்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலருக்கு அசையாது, சிலருக்கு எகிறிவிடும். எகிறினால் “கீட்டோவில் அதெல்லாம் சகஜம்” என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை ரத்தம் கொடுங்கள். எல்டிஎல் ஏறியிருந்தால் நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெயைக் குறைத்து நல்லெண்ணெய், கடலை எண்ணெய், பாதாம், மீன் பக்கம் திரும்பணும். கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது.

இதையும் சொல்லிவிடுகிறேன். சோற்றையும் விடாமல் நெய்யையும் கூட்டுகிறவர்கள்தான் எல்லோரையும்விட மோசமாக மாட்டிக்கொள்கிறார்கள். பிரியாணிக்கு மேலே நெய் ஊற்றிவிட்டு, “டாக்டர் கொழுப்பு சாப்பிடச் சொன்னார்” என்று சொன்னவரை எனக்குத் தெரியும்.

ஐந்து ரோடு: தட்டுவடை செட்?

வேண்டாம். வடை இல்லாமல் துருவிய பீட்ரூட், கேரட்டை மட்டும் சட்னியோடு கொடுங்கள் என்று நானும் கடையில் கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

ஏற்காடு, எஸ்டேட் வேலை: பட்டர் ஃப்ரூட் இங்கே மரத்தடியிலேயே கிடக்கிறது. சாப்பிடலாமா? காப்பியும் விட முடியாதே.

கொடுத்து வைத்தவர் அம்மா நீங்கள். கீழே சேலத்தில் காசு கொடுத்து வாங்குகிறோம். 100 கிராமில் கொழுப்பு 15 கிராம் பக்கம். மாவுச்சத்து எட்டு ஒன்பது கிராம் இருந்தாலும் முக்கால்வாசி நார். உப்பும் மிளகும் எலுமிச்சையும் போட்டு மசித்துச் சாப்பிடுங்கள். சர்க்கரை போட்டு ஜூஸ் அடித்தால் எல்லாம் போச்சு. காப்பியைச் சர்க்கரை இல்லாமல், கெட்டியான பால் கொஞ்சம் விட்டுக் குடியுங்கள். வெண்ணெய் போட்டும் குடிக்கிறார்கள். எனக்கு அது தலைக்கு எண்ணெய் தேய்த்த மாதிரி இருந்தது. ஆரஞ்சும் பலாவும் மட்டும் கண்ணில் படட்டும், கையில் வேண்டாம். சரிவில் ஏறி இறங்கி வேலை செய்கிறீர்கள், முதல் பத்து நாள் களைப்பு அதிகம் தெரியும். அந்த நாட்களில் பாரம் தூக்குவதைக் குறைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

கன்னங்குறிச்சி: நாலு நாள் ஆச்சு. தலைவலி, ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. ஆனால் எடை மூன்று கிலோ போய்விட்டது!

மூன்று கிலோவில் பெரும்பங்கு தண்ணீர், கொண்டாட வேண்டாம். உடம்பு சேர்த்து வைத்த சர்க்கரை கரையும்போது அதோடு சேர்ந்திருந்த தண்ணீரும் போகிறது. இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பையும் வெளியே தள்ளும். தலைவலியும் பிடிப்பும் அதனால்தான். தண்ணீரோடு உப்பும் வேண்டும்: எலுமிச்சைச் சாற்றில் அரை டீஸ்பூன் உப்பு, அல்லது ஆட்டுக்கால் சூப். பிரஷர், இதயம், சிறுநீரகம் இவற்றில் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டாதீர்கள். மலச்சிக்கலும் வரும் பாருங்கள், கீரையை விடாதீர்கள்.

ஓமலூர்: அம்மாவுக்கும் சர்க்கரை, கிரியேட்டினின் 2.1. எங்களோடு சேர்த்து அவருக்கும் இதையே சமைக்கலாமா?

கூடாது. கிரியேட்டினின் இப்படி ஏறியிருந்தால் சிறுநீரகம் கழிவைச் சரியாக வடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் இருந்தால் புரதம் எவ்வளவு என்பதைச் சிறுநீரக டாக்டர்தான் சொல்லணும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள், சின்ன வயசிலேயே இன்சுலினில் இருக்கும் முதல் வகைச் சர்க்கரைக்காரர்கள் யாரும் பக்கத்து வீட்டைப் பார்த்து இதை ஆரம்பிக்கக் கூடாது.

அழகாபுரம், கல்லூரி மாணவர்: இதெல்லாம் யூடியூபில் வந்த புது மோஸ்தர்தானே அங்கிள்?

1860களில் லண்டனில் பான்டிங் என்று ஒருவர், சவ அடக்க ஏற்பாடு செய்கிற தொழில். உடம்பு பெருத்து, காதும் மந்தமாகி, ஆர்வி என்ற காது டாக்டரிடம் போனார். அவர் காதை விட்டுவிட்டு ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பீரை நிறுத்தச் சொன்னார். ஒரு வருஷத்தில் 20 கிலோ அளவுக்குக் குறைந்து, 1863இல் அதை எழுதியே வெளியிட்டார். 1921இல் அமெரிக்காவில் வைல்டர் என்ற டாக்டர் வலிப்பு நோய்க்கு இந்த உணவைச் சொல்லிக் கீட்டோ என்ற பெயரையும் கொடுத்தார். யூடியூபுக்கு வயசு எவ்வளவு தம்பி?

குகை: ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வருது. வீட்டில் கூழ் ஊற்றுவோம். கேழ்வரகுதானே, சிறுதானியம் நல்லதுதானே அண்ணா?

கேழ்வரகில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, ஆனால் 100 கிராம் மாவில் மாவுச்சத்தும் 65 கிராமுக்கு மேல். அரிசிக்குப் பங்காளிதான். அதற்காக ஆத்தா கூழை வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டம்மா விடவும் மாட்டார். சின்ன டம்ளரில் பாதி, வெங்காயமும் மோரும் கூடுதலாக. அன்றைக்கு வேறு மாவுப் பண்டம் கிடையாது. ஒரு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்தேன், போன ஆடியில் 168 காட்டியது. அதற்கு முந்தின வருஷம் மூன்று டம்ளர் குடித்துவிட்டு மீட்டரையே எடுக்கவில்லை.