இன்ஜின் சூடே ஏறவில்லை: அதற்காக ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். 2013 மாடல் டீசல் கார், 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில மாதங்களாக டெம்பரேச்சர் முள் கால் பங்குக்கு மேல் ஏறுவதில்லை. ஹீட்டரில் வெதுவெதுப்பாகத்தான் காற்று வருகிறது. 18 கொடுத்த மைலேஜ் 15 ஆகிவிட்டது. ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்த மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, 35,000 ரூபாய் ஆகும் என்கிறார். போன கோடையில் மலை ஏறும்போது வண்டி ஓவர்ஹீட் ஆகி, கீழே மேட்டுப்பாளையத்தில் சரி செய்தோம். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். 35,000 ரூபாய் வேலைக்கு இப்போதைக்குத் தலையாட்டாதீர்கள். போன கோடையில் சரி செய்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டீர்களா?” பத்தில் ஒன்பது பேர் தயக்கமே இல்லாமல் ஆமாம் என்பார்கள். அது தப்பு என்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒரு கதவு. அதன் நடுவிலுள்ள சின்ன உலோகக் குப்பிக்குள் மெழுகு இருக்கும். கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம், 82 அல்லது 88 டிகிரியைத் தொடும்போது மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். அதுவரை கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும், இன்ஜின் சீக்கிரம் சூடாகும். கதவு திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும், கதவே இல்லாவிட்டாலும், கூலன்ட் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்துவிடும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று வண்டியின் கம்ப்யூட்டர் டீசல் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆயிலும் கெட்டியாகவே இருக்கும். உங்கள் மைலேஜ் அங்கேதான் போகிறது.

“நம்ம ஊர் வெயிலுக்கு இந்த வால்வெல்லாம் தேவையில்லை சார், அது வெளிநாட்டுக் குளிருக்கு” என்ற பேச்சைக் கேட்காத கார்க்காரர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். முழுக்கத் தவறான பேச்சு இது. சென்னையில் 40 டிகிரி வெயில் அடித்தாலும் இன்ஜினுக்கு வேண்டிய சூடு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. பல இன்ஜின்களில் இந்த வால்வுக்குப் பின்னால் இன்னொரு தட்டு உண்டு. முன்கதவு திறக்கும்போது இந்தத் தட்டு குறுக்கு வழியை மூடி, கூலன்ட் முழுவதையும் ரேடியேட்டருக்கு அனுப்பும். வால்வைப் பிடுங்கினால் குறுக்கு வழி நிரந்தரமாகத் திறந்துவிடும். கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே திரும்பி வரும். சமவெளியில் குளிர்ந்துபோகிற அதே வண்டி முழு லோடில் கோத்தகிரி ஏறும்போது மறுபடி ஓவர்ஹீட் ஆக இது போதும். எதைத் தடுக்கக் கழற்றினார்களோ அதையே அது கொண்டுவரும்.

போன கோடையில் வண்டி ஏன் சூடானது என்று யாராவது பார்த்தார்களா? கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்களில் உப்பு படிந்திருக்கலாம், ஃபேன் ஓடாமல் இருந்திருக்கலாம், வால்வே மூடியபடி சிக்கியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும். வால்வைக் கழற்ற அரைமணி நேரம் போதும். ஃபேனையும் ‘டைரக்ட்’ கொடுத்து, சாவி போட்டதுமே ஓடும்படி செய்துவிடுவார்கள். வண்டியிலிருந்து ஒரு பாகத்தையே எடுத்துவிட்டு, பில்லில் ‘கூலிங் வேலை’ என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும் என்ற நிலைமையை இத்தனை வருடமாக யாரும் கேட்பதில்லை. அடுத்த மெக்கானிக்குக்கு எப்படித் தெரியும்? புகைச் சான்று மையமாவது பிடிக்க வேண்டும். டீசல் புகையைச் சூடான இன்ஜினில்தான் சோதிக்க வேண்டும், ஆனால் குழாயைச் சைலன்சருக்குள் விடாமலேயே நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துச் சான்று கொடுக்கும் இடங்கள் இருக்கும்வரை அங்கே எதுவும் தெரியப்போவதில்லை.

சரி, நீங்களே எப்படிப் பார்ப்பது? காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது கூலன்ட் டப்பாவில் அளவைப் பாருங்கள். கூலன்ட் மிகவும் குறைந்தால் சென்சார் வெறும் காற்றில் நின்று, இன்ஜின் கொதிக்கும்போதும் முள் கீழே காட்டும். அளவு குறைந்திருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். சரியாக இருந்தால் ஸ்டார்ட் செய்து, இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் போகும் தடித்த ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். துப்பட்டா, சங்கிலி, சட்டைக்கை எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. வால்வு நன்றாக இருந்தால் அந்த ஹோஸ் பல நிமிடம் குளிர்ந்தே இருந்து, கதவு திறந்ததும் சட்டென்று சுடும். வால்வு இல்லையென்றால் தொடக்கத்திலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து மெதுவாக வெதுவெதுப்பாகும்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். டீசல் இன்ஜின் சும்மா நின்று ஓடினால் சூடு மிக மெதுவாகத்தான் ஏறும். வால்வு புதிதாக இருந்தாலும் அப்படித்தான். அதனால் வாசலில் நிறுத்தி கால்மணி நேரம் ஓடவிட்டு முள்ளைப் பார்ப்பதில் பயனில்லை. அதே போல, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் 30 கிலோமீட்டருக்கு மேலான பாதையில் கியரில் விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் வந்தால் இன்ஜினுக்குள் டீசலே போகாது. டீசல் எரியாமல் சூடு எங்கிருந்து வரும்? ஹீட்டரையும் போட்டிருந்தால் இருக்கிற சூட்டையும் அது இழுத்துக்கொள்ளும். நல்ல வண்டியிலும் அங்கே முள் கொஞ்சம் இறங்கும், அது கோளாறு இல்லை. இறங்கும்போது முள் இறங்கியது என்று புது வால்வை மாற்றியவர்களும் உண்டு. ஏறும்போது நேர்மாறு: வால்வே இல்லாத வண்டியிலும் முள் நடுவுக்கு வந்து நின்று, ‘சரியாகிவிட்டது’ என்று ஏமாற்றும். ஆகவே மலையில் வைத்து முடிவு செய்யாதீர்கள். மேட்டுப்பாளையம் தாண்டி கோவை சாலையில் ஹீட்டரை அணைத்துவிட்டு, 60 அல்லது 70 வேகத்தில் கால்மணி நேரம் ஓட்டுங்கள். நல்ல வண்டியில் முள் நடுவில் நின்று அசையாது. வால்வு இல்லாத வண்டியில் வேகம் கூடினால் முள் இறங்கும், சிக்னலில் நின்றால் ஏறும். இந்த ஏற்ற இறக்கம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

இப்போது அந்த வெண்ணெய்க்கு வருவோம். இன்ஜினுக்குள் எரியும் எரிபொருளிலிருந்து நீராவி வரும், அதில் கொஞ்சம் ஆயில் பக்கமும் கசியும். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்தால் அது ஆவியாகி வெளியேறிவிடும். சூடே ஏறாத இன்ஜினில், மலைக் குளிரில், மூடியின் அடியில் ஆயிலோடு கலந்து வெள்ளையாகப் படியும். இதைக் காட்டித்தான் ஹெட் கேஸ்கெட் கதை சொல்கிறார்கள், வாடிக்கையாளரும் பயந்துபோய்ப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். கேஸ்கெட் உண்மையிலேயே போயிருந்தால் கூலன்ட் வாரத்துக்கு வாரம் குறையும், அல்லது டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) உருவினால் ஆயிலே பால் கலந்த நிறத்தில் இருக்கும், அல்லது கூலன்ட் டப்பாவில் குமிழி வரும். டப்பாவில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு ஒரு வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் மெக்கானிக் பிடிவாதம் பிடித்தால், கூலன்டில் இன்ஜினுக்குள் எரிந்த வாயு கலக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். கலந்திருந்தால் நீலம் டீசல் வண்டியில் பச்சையாகவும், பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகவும் மாறும். அதைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றக் கூடாது.

வால்வு வாங்கும்போது அடுத்த பொறி. மெக்கானிக்கே வாங்கி வருகிறேன் என்றால் கடை கமிஷனும் டூப்ளிகேட்டும் சேர்ந்து வரும். உங்கள் வண்டியின் எண்ணைச் சொல்லி கம்பெனி ஸ்பேர் கடையில் நீங்களே வாங்குங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு ஆயிரம், இரண்டாயிரத்தில் முடியும். வால்வு தனியாக வந்தால் நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்கிப் பாருங்கள். அதில் பொறித்திருக்கும் டிகிரி அருகே திறக்கத் தொடங்கும். உங்கள் ஊர் சுமார் 1,800 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 88 டிகிரி வால்வு முழுதாகத் திறக்கவில்லையே என்று திருப்பிக் கொடுக்காதீர்கள், திறக்கத் தொடங்கினால் போதும். மாட்டும்போது அதிலுள்ள சிறு துளையும் ஊசியும் மேல்பக்கம் வர வேண்டும், காற்று வெளியேறும் வழி அது. கூலன்ட் நிரப்பியதும் காற்றை முழுதாக எடுக்கச் சொல்லுங்கள். ஃபேன் ‘டைரக்ட்’ ஆக இருந்தால் பழையபடி மாற்றச் சொல்லுங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் நீரும் டீசலும் கலந்திருக்கும்.

முதலில் இதைச் செய்யாமல் ரேடியேட்டர் முன்னால் அட்டையோ சாக்கோ கட்டி ஓட்டாதீர்கள். ஏற்றத்தில் அதுவே இன்ஜினைக் கொதிக்கவைக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிக்காரர்கள் இன்னும் அவசரப்பட வேண்டும். இன்ஜின் சூடாகாவிட்டால் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளாது, அடைத்துக்கொண்டால் செலவு வேறு கணக்கு.

புது வால்வு போட்டும் முள் ஏறவில்லை, ஆனால் ஹோஸ் நன்றாகச் சுடுகிறது, ஹீட்டரும் சூடாக வருகிறது என்றால் கோளாறு சென்சாரிலோ மீட்டரிலோதான். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டி கூலன்ட் டிகிரியைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிக்குளிருக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். மைனஸ் 40 என்று காட்டினால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. பி0128 என்ற கோளாறு எண் வந்தால் மறுபடி வால்வுப் பக்கமே போங்கள். ஸ்கேனர் திரையைப் படம் எடுத்து, கோவை சாலையில் முள் எப்படி நடந்துகொண்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.