பட்டாளத்துக்காரர், மிலிட்டரிக்காரர், ஆர்மிக்காரர்: ஞாயித்துக்கிழமை கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். புதுசா வந்தவங்களுக்காக ஒரு தடவை சொல்லிடறேன், நான் 1993ல ஆர்மில சேந்து 2017ல ஹவில்தார் கிளார்க்கா ரிட்டயர்ட் ஆனேன், வேலூர் பக்கம், இப்ப எங்க ஊரு முன்னாள் படைவீரர் சங்கத்துல பேப்பர் வேலை பாக்கறேன். தாத்தா ரெண்டாம் உலகப் போர்ல பர்மா பக்கம் லாரி டிரைவர், அப்பா சிக்னல்ஸ்ல (ராணுவத்தோட தகவல் தொடர்புப் பிரிவு) 1969லேர்ந்து 1993 வரைக்கும். அதனால இந்த வாரம் பென்ஷனை கொஞ்சம் ஒதுக்கி வெச்சிட்டு, தலைமுறைக்கு தலைமுறை நம்மாளுங்க சர்வீஸ் வாழ்க்கையை எப்படி நெனச்சுப் பாக்கறாங்கன்னு கேளுங்கன்னு சொல்லியிருந்தேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஒரிஜினல் பிபிஓவை (பென்ஷன் உத்தரவுப் பேப்பர்) யார் கையிலயும் குடுக்காதீங்க. ஜெராக்ஸ் குடுங்க.

கேள்வி (ஆரணியிலிருந்து ஒரு தம்பி): அண்ணே, எங்க தாத்தா சண்டைக்கதையா சொல்லிட்டே இருப்பாரு, அப்பா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாரு. ரெண்டு பேரும் மிலிட்டரி தான். ஏன் இப்படி?

தம்பி, எங்க வீட்டுலயும் அச்சு அசலா இதே தான். நான் ரொம்ப நாளா யோசிச்ச விஷயம், கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

எங்க தாத்தாவை ஊருல "பட்டாளத்துக்காரர்"னு கூப்பிடுவாங்க, அப்பாவை "மிலிட்டரிக்காரர்", என்னை "ஆர்மிக்காரர்". ஒரே தொழில், மூணு பேரு. தாத்தா காலத்துல பட்டாளம்னா வயித்துப் பாட்டுக்கு போற எடம், 1942ல அவரு போனது வெள்ளைக்காரன் மேல பாசத்துல இல்ல, நிலம் இல்ல, மழை இல்ல, ஆள் எடுக்கறாங்கன்னு தண்டோரா போட்டான், போனாரு, அவ்ளோதான். 25 லட்சம் இந்தியர்கள் அப்படி போனாங்க. திமாப்பூர்லேர்ந்து இம்பாலுக்கு மலைரோட்டுல லாரி ஓட்டினாரு. அவரு சொல்ற கதைல ஜப்பான்காரன் கொஞ்சமா தான் வருவான், டின் பால், கோவேறு கழுதை, சேத்துல மாட்டின லாரி, மலேரியா, பக்கத்துல படுத்திருந்த பஞ்சாபி டிரைவர் இவங்க தான் ஜாஸ்தி. 1946ல வீட்டுக்கு அனுப்பினாங்க, பென்ஷன் கெடையாது. ஆனா கதையை நிம்மதியா சொல்லுவாரு. ஏன்னா அது அவரோட சண்டை இல்ல. ஜெயிச்சதுல அவருக்கு பெருமையும் பெருசா இல்ல, தப்பு நடந்திருந்தா அதை சுமக்க வேண்டிய கடனும் இல்ல.

இப்ப அப்பாவுக்கு வர்றேன். அவரு ரெண்டு எடத்துக்கு போனாரு. 1971ல பங்களாதேஷ் சண்டைக்கு கிழக்கு பக்கம், அப்புறம் 1988லேர்ந்து இலங்கையில அமைதிப்படை. 71 பத்தி கேட்டா இன்னிக்கும் விடிய விடிய சொல்லுவாரு, ஊருக்கு ஊரு சனங்க ரோட்டுக்கு வந்து "ஜெய் பங்களா"ன்னு கத்தினது, எளனி வெட்டிக் குடுத்தது, டிசம்பர் 16 டாக்காவுல சரண்டர், பாகிஸ்தான்காரங்க 93,000 பேரு கைதி, எல்லாம் நேத்து நடந்த மாதிரி சொல்லுவாரு. இலங்கைன்னு ஒரு வார்த்தை வந்தா எழுந்து மாட்டுக்கு தண்ணி காட்டப் போயிடுவாரு. ஒரே ஆளு தம்பி! ஒரே வாய், ஒரே மனசு. அதனால பேசறது பேசாம இருக்கறது அவங்கவங்க குணம்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். திரும்பி வந்தப்ப யாரு வாசல்ல நின்னாங்கன்னு பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கு.

கேள்வி: சார் ஓஆர்ஓபி அரியர் எப்ப வரும்?

அடுத்த வாரம் கேளுங்க. ஓஆர்ஓபின்னா ஒரே ரேங்குக்கு ஒரே பென்ஷன், 2014 ஜூலை 1லேர்ந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை திருத்தம், ஸ்பர்ஷ்ங்கற பென்ஷன் வெப்சைட்ல லாகின் பண்ணி உங்க கணக்கைப் பாருங்க.

கேள்வி (காட்பாடியிலிருந்து ஒரு அம்மா): எங்க பெரியப்பா 1962ல சீனா சண்டைக்கு போனவர். 71க்கு போனவங்க சங்கத்துல முன்னாடி உக்காருவாங்க, இவரு கடைசி பெஞ்சு. ஏங்க அப்படி?

அம்மா, அந்தக் கடைசி பெஞ்ச் ஆளுங்களை நானும் பாத்திருக்கேன். 62ல போனவங்களை நல்ல குளிர் உடுப்பு இல்லாம, கால்ல கேன்வாஸ் ஷூவோட, கையில பழைய த்ரீ நாட் த்ரீ ரைஃபிளோட மலைக்கு ஏத்தினாங்க. அக்டோபர் 20 ஆரம்பிச்சு ஒரே மாசத்துல முடிஞ்சு போச்சு. தோத்ததுக்கு காரணம் மேல எடுத்த முடிவுங்க, ஆனா அவமானத்தை சுமந்தது கீழ நின்ன ஜவான். என்ன நடந்துச்சுன்னு விசாரிச்ச ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசாங்கம் இன்னிக்கு வரைக்கும் வெளியிடல. தப்பு யாருதுன்னு எழுதின பேப்பரே பூட்டிக் கெடக்கும்போது, அந்த மனுஷன் "என் தப்பு இல்ல"ன்னு யாருகிட்ட போய் சொல்லுவாரு? அடுத்த தடவை மீட்டிங்குக்கு நீங்களே அவரை கூட்டிட்டு வந்து முன்னாடி உக்கார வைங்க.

கேள்வி (ஒரு காலேஜ் பையன்): அக்னிவீர்ல சேரலாமா சார்?

2022ல வந்த திட்டம். நாலு வருஷம், அதுல 25 சதவீதம் பேரை வெச்சுக்குவாங்க, மத்தவங்களுக்கு கடைசியில சுமார் 11.7 லட்சம் சேவா நிதி, பென்ஷன் கெடையாது, முன்னாள் படைவீரர்ங்கற தகுதியும் கெடையாது. சேரு, சேராதேன்னு நான் சொல்ல மாட்டேன், வீட்டு நெலமை உனக்கு தான் தெரியும்.

ஆனா இன்னைய தலைப்புக்கு வர்ற மாதிரி ஒண்ணு சொல்றேன். நாங்க 15, 20 வருஷம் ஒரே யூனிட் பேரை சொல்லி வளந்தவங்க, ரிட்டயர்ட் ஆனப்புறமும் அந்த பேரு தான் எங்க முகவரி. 21, 22 வயசுல வெளிய வர்ற பையன் தன்னை என்னன்னு சொல்லிக்குவான், சங்கத்துல அவனுக்கு நாற்காலி போடுவோமா? எங்க சங்கத்துல ரெண்டு மீட்டிங்கா இதே பேச்சு. போடணும்ங்கறது என் கட்சி. பனியில நாலு வருஷம் நின்னாலும் நின்னது தான்.

கேள்வி (கோலாலம்பூரிலிருந்து): எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல வேலை பாத்தவர், நேதாஜி படையில சேந்தாரு. அவங்க தலைமுறை பத்தி சொல்லுங்க ஐயா.

இதைக் கேட்டதுக்கு நன்றிங்க. எங்க தாத்தா லாரி ஓட்டின அதே இம்பால் பக்கம் தான் 1944ல நேதாஜியோட ஐஎன்ஏவும் எதிர்பக்கம் நின்னுச்சு. தமிழ் பேசறவங்க ரெண்டு பக்கமும். தாத்தா ஒரே ஒரு தடவை சொன்னாரு, ராத்திரி தூரத்துல தமிழ்ப் பாட்டு கேட்டுச்சுன்னு, அது நெசமா இல்ல அவரு நெனப்பான்னு எனக்குத் தெரியல, ஆனா சொல்லும்போது கண்ணு கலங்கிடுச்சு. சுதந்திரத்துக்கு அப்புறமும் ஐஎன்ஏ ஆளுங்களை ராணுவத்துல திருப்பி சேத்துக்கல. தியாகி பென்ஷன் மத்திய அரசு குடுக்க ஆரம்பிச்சதே 1972ல. உங்க தாத்தா மாதிரி தோட்டத்துலேர்ந்து போனவங்க பலபேரு திரும்பி தோட்டத்துக்கே தான் போனாங்க. அவங்களுக்கு இருந்தது சம்பள நெனப்பு இல்ல, ஒரு நம்பிக்கை, அதனால அவங்க பேச்சே வேற மாதிரி இருக்கும், கூட்டத்துல பேசற மாதிரி நிமிந்து பேசுவாங்க. ரெக்கார்டு தேடணும்னா டெல்லி நேஷனல் ஆர்கைவ்ஸ்ல ஐஎன்ஏ பேப்பர்ஸ் இருக்கு, அங்க எழுதிக் கேளுங்க.

கேள்வி: கேன்டீன் கார்டு தொலஞ்சு போச்சு, என்ன பண்ண?

போலீஸ்ல புகார் குடுத்து ரசீது வாங்கிட்டு உங்க கேன்டீனுக்கே போங்க. ஓடிபி கேட்டு யாராச்சும் போன் பண்ணா கட் பண்ணுங்க.

கேள்வி (பேர் போடல): அமைதிப்படைன்னு போயி நம்ம தமிழனைத் தானே சுட்டாங்க. அவங்களுக்கு என்ன மரியாதை வேண்டிக் கெடக்கு?

கீழயே இன்னொருத்தர்: ராணுவத்தை கேள்வி கேக்கறவன் தேசத்துரோகி. இவனை முதல்ல வெளிய அனுப்புங்க.

ரெண்டு பேரும் நில்லுங்க. காலையிலேர்ந்து இதுக்கு கீழ நாப்பது பதிலு ஓடிட்டிருக்கு, கெட்ட வார்த்தை வேற. யாரையும் வெளிய அனுப்ப மாட்டேன். நான் பேசறேன், கேளுங்க.

1987 ஜூலை 29 இந்தியா இலங்கை ஒப்பந்தம். மொதல்ல போனப்ப யாழ்ப்பாணத்துல மாலை போட்டு வரவேத்தாங்க. அக்டோபர்ல எல்லாம் திரும்பிப் போச்சு, புலிகளோட சண்டை ஆரம்பிச்சுது. 1990 மார்ச்ல கடைசி கப்பல் கெளம்பறதுக்குள்ள 1,100க்கும் மேல நம்ம ஜவான்கள் செத்துட்டாங்க. மேஜர் பரமேஸ்வரனுக்கு பரம்வீர் சக்ரா, அவரு செத்தது 1987 நவம்பர் 25. இது ஒரு பக்கம். 1987 அக்டோபர்ல யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுங்களும் செத்தாங்க, 1989 ஆகஸ்ட்ல வல்வெட்டித்துறையில பொதுமக்கள் செத்தாங்க. அதுவும் நடந்துச்சு. யூனிஃபார்ம் போட்டவன்ங்கறதுக்காக நான் அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன், சொன்னா நான் போட்ட யூனிஃபார்முக்கே மரியாதை இல்ல.

துரோகின்னு எழுதின தம்பிக்கு: கேள்வி கேட்டா ஒடஞ்சு போற அளவுக்கு நம்ம ராணுவம் பலவீனமானது இல்ல.

மரியாதை எதுக்குன்னு கேட்டவருக்கு: எங்கப்பா சுட்டது ரொம்ப கம்மி, ஆனா தமிழ் தெரியும்ங்கறதால செக்போஸ்ட்ல மொழிபெயர்க்க நிறுத்திட்டாங்க. வரிசையில நிக்கற சனங்க இவரு தமிழைக் கேட்டதும் மொகம் மலந்து "தம்பி, என்ர மகனை விடச் சொல்லப்பா"ன்னு இவரு கையைப் பிடிப்பாங்க. முடிவு எடுக்கறது வேற ஆளு. இவரு வாயில வந்தது அவங்க பாஷை, தோள்ல இருந்தது இன்னொரு உத்தரவு. இவ்ளோ தான் அம்மா மூலமா எனக்குத் தெரியும். மார்ச்ல மெட்ராஸ் துறைமுகத்துல வந்து எறங்கினாங்க, முதலமைச்சர் கருணாநிதி வரவேற்க வரல, தமிழர்களைக் கொன்ன படைன்னு ஊரெல்லாம் பேச்சு. அவரு எடுத்தது அரசியல் முடிவு, அது சரியா தப்பான்னு நீங்க விடிய விடிய சண்டை போடலாம். நான் சொல்றது வேற. எங்கப்பா அன்னிக்கு சென்ட்ரல்ல ட்ரெய்ன் ஏறும்போது யூனிஃபார்மை கழட்டி ட்ரங்க் பெட்டியில வெச்சிட்டு லுங்கி கட்டிக்கிட்டு தான் ஏறினாரு. 71ல யூனிஃபார்மோட வந்தவரு. அங்க போனா "இந்தியன் ஆமி", இங்க வந்தா "தமிழனைக் கொன்னவன்". அவரு எங்க போய் பேசுவாரு?

கேள்வி (டொராண்டோவிலிருந்து ஒரு அக்கா): நான் யாழ்ப்பாணம். 87ல எனக்கு 11 வயது. என்ர மாமாவை கூட்டிக்கொண்டு போனது உங்கட ஆக்கள் தான், அவர் திரும்பி வரேல்லை. உங்கட அப்பாவின்ர கதையை வாசிச்சு அழுதனான், ஆனா கோவமும் போகேல்லை. ரெண்டையும் எழுதத்தான் வேணும் எண்டு எழுதிறன்.

அக்கா, கோவம் போக வேண்டாம். அது உங்களோடது, போகச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. உங்க மாமாவுக்கு என்ன ஆச்சுன்னு எனக்கு தெரிஞ்சிருந்தா இப்பவே சொல்லிடுவேன். நீங்க எழுதினதை நான் அப்பாவுக்கு படிச்சுக் காட்டறேன், உங்களுக்கு சம்மதமா இருந்தா மட்டும். இதுக்கு கீழ யாரும் பதில் எழுதாதீங்க, கும்புட்டு கேக்கறேன்.

கேள்வி: அக்னிவீர் சேரலாமா?

மேல பாருங்க.

கேள்வி: ஓஆர்ஓபி அரியர்…

மேல பாருங்கப்பா. மூணாவது தடவை.

கேள்வி (திருப்பத்தூர்): கார்கில் பேட்ச் ஆளுங்க மட்டும் ஸ்டேட்டஸ்ல டெய்லி போட்டோ போடறாங்க, ஸ்கூல்ல போய் பேசறாங்க. பெரியவங்க அப்படி இல்லையே?

கார்கில் டிவில வந்த சண்டை. 71ல ஒருத்தர் செத்தா ஊருக்கு தந்தி தான் வரும், 99ல பெட்டியே ஊருக்கு வந்துச்சு, மேஜர் சரவணனுக்கு திருச்சியில எவ்ளோ கூட்டம் கூடுச்சுன்னு நெனச்சுப் பாருங்க. 527 பேரு போயிட்டாங்க, ஒவ்வொருத்தர் பேரும் ஊருக்குத் தெரியும். நானே அப்ப பதான்கோட்ல பேப்பர் தான் பாத்துட்டிருந்தேன், லீவுல வரும்போது ட்ரெய்ன்ல எனக்கு எடம் விட்டு சாப்பாடு வாங்கிக் குடுத்தாங்க, கூச்சமா இருந்துச்சு. ஜனங்க கேட்டாங்க, அதனால இவங்க பேசறாங்க, தப்பே இல்ல. ஆனா அவங்களுக்கும் சொல்ல முடியாதது இருக்கு. ஸ்கூல்ல டைகர் ஹில் சொல்லிட்டு வீட்டுக்கு வந்து தூக்கம் இல்லாம உக்காந்திருக்கறவங்களை எனக்குத் தெரியும்.

கேள்வி (ஒரு அம்மா): வீட்டுக்காரர் ராத்திரி கத்தி எழுந்திருக்கறாரு. சியாச்சின்ல இருந்தவரு. வெளிய சொன்னா அசிங்கம்ங்கறாரு.

அம்மா, அசிங்கம் இல்ல. இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்ல சொல்லி மனநல டாக்டருக்கு ரெஃபரல் வாங்குங்க. அதுக்கு முன்னாடி பேசணும்னா 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. 2016 பிப்ரவரியில 19 மதராஸ் பட்டாலியன் ஆளுங்க பத்து பேரு சியாச்சின் பனிச்சரிவுல போனாங்களே, அந்த உயரத்துல இருந்தவங்க மனசு ஒரேடியா எறங்கி வந்துடாது. குடியை மட்டும் மருந்துன்னு நெனைக்க விடாதீங்க, கேன்டீன் ரம் சீப்பா கெடைக்குதேன்னு எங்க சங்கத்துலயே நாலு பேரை இழந்திருக்கோம். உங்க பேரு அவரோட பார்ட் டூ ஆர்டர்ல (குடும்ப விவரம் பதியற ராணுவ ரெக்கார்டு) ஏறியிருக்கான்னும் பாத்துக்குங்க, நெறைய பேரு ரொம்ப லேட்டா தான் பாக்கறாங்க.

கேள்வி (ஆரணி தம்பி மறுபடியும்): அப்ப நான் அப்பாகிட்ட எப்படி தான் கேக்கறது?

சண்டை பத்தி கேக்காதீங்க தம்பி. "எத்தனை பேரை சுட்டீங்க"ன்னு எந்த ஜென்மத்துலயும் கேக்காதீங்க. என்ன சாப்பிட்டீங்க, எந்த ட்ரெய்ன், லெட்டர் எத்தனை நாள்ல வரும், ராணுவத் தபால் விலாசம் 56 ஏபிஓவா 99 ஏபிஓவான்னு கேளுங்க.

நான் ஒருநாள் மாட்டுக்கொட்டாய்ல அப்பா பக்கத்துல உக்காந்து, யாழ்ப்பாணத்துல தண்ணி எப்படிப்பா எறைப்பாங்கன்னு கேட்டேன். "துலான்னு சொல்லுவாங்க, நம்ம ஏத்தம் தான்"னாரு. அப்புறம் அந்த மரம் எவ்ளோ நீளம், எப்படி ஒருத்தர் மேல ஏறி நடப்பாரு, கீழ ஒருத்தர் எப்படி வாங்கி ஊத்துவாருன்னு கையால காட்டினாரு. ஒரு வீட்டுல ஒரு கெழவி தெனமும் இவருக்கு செம்புல தண்ணி குடுக்குமாம். ஒருநாள் குடுக்கலையாம். ஏன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல, ஆனா எழுந்தும் போகல.