கடை கேக் வீட்டில் வருமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேக் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், வந்து குவிந்துவிட்டது. பெரும்பாலானவர்களின் குறை ஒன்றுதான்: ‘நன்றாகத்தான் வருகிறது, ஆனால் பேக்கரியில் வாங்கியது மாதிரி இல்லை.’ சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

அக்கா, பேக்கரி கேக் இரண்டு நாள் ஆனாலும் பஞ்சு மாதிரி இருக்கிறது. நான் வெண்ணெய் போட்டுச் செய்வது அன்றைக்கு அருமை, ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால் கட்டி. அவர்கள் அப்படி என்னதான் போடுகிறார்கள்?

முதலில் ஃபிரிட்ஜைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பாதிக் குற்றம் அதனுடையதுதான். வெந்த மாவில் இருக்கும் ஸ்டார்ச் ஆறியதும் மறுபடி இறுக ஆரம்பிக்கும். அந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் அதே குளிரில். போதாக்குறைக்கு வெண்ணெயும் அங்கே கெட்டியாகிவிடும். கிரீம் பூசாத கேக் என்றால் காற்றுப் போகாமல் சுற்றி வெளியிலேயே ஓரிரு நாள் வைக்கலாம், அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் நேராக ஃப்ரீசர், அங்கே இந்த இறுகும் வேலை நின்றுபோகும். கிரீம் கேக்கை ஃபிரிட்ஜில்தான் வைத்தாக வேண்டும், ஆனால் சாப்பிடுவதற்கு அரைமணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது கொழுப்பு. எண்ணெய் குளிரிலும் திரவமாகவே இருப்பதால் எண்ணெய் கேக் நாக்குக்கு எப்போதும் ஈரமாகத் தெரியும். இதை வைத்து ஒரு மனிதர் பெரிய ரகசியமே நடத்தியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலஸில் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த ஹாரி பேக்கர் 1927-ல் சிஃபான் கேக் என்ற மெத்தென்ற கேக் வகையைக் கண்டுபிடித்து, 20 வருடம் செய்முறையை வெளியே விடாமல் கேக்கை மட்டும் விற்றார். 1947-ல்தான் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்கு அதை விலைக்குக் கொடுத்தார், மறுவருடம் ஊருக்கெல்லாம் தெரிந்தபோது பார்த்தால் ரகசியம் என்பது வெண்ணெய்க்குப் பதிலாகப் போட்ட சாதாரணச் சமையல் எண்ணெய்! உங்கள் ரெசிபியில் 100 கிராம் வெண்ணெய் இருந்தால் 80 கிராம் எண்ணெயும் ஒரு மேஜைக்கரண்டி பாலும் சேர்த்துப் பாருங்கள், வெண்ணெயில் சுமார் 80 சதவீதம்தான் கொழுப்பு, மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு எச்சரிக்கை: வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது உள்ளே போகிற காற்று எண்ணெயில் போகாது, அந்தக் காற்றை முட்டையை நன்றாக அடித்துக் கொண்டுவர வேண்டும். வெண்ணெய் வாசனை வேண்டும் என்றால் பாதிக்குப் பாதி.

மூன்றாவது, பலர் கவனிக்காதது, சுகர் சிரப். கிரீம் கேக்கின் ஸ்பாஞ்சில் பேக்கரிக்காரர்கள் சிரப் தடவாமல் விடுவது அபூர்வம். 100 கிராம் சர்க்கரை, 100 மில்லி தண்ணீர், ஒரு கொதி, அவ்வளவுதான். ஒரு அடுக்குக்கு மூன்று நான்கு மேஜைக்கரண்டி, பிரஷ்ஷால் ஓரத்திலிருந்து உள்நோக்கி, ஏனென்றால் ஓரம்தான் முதலில் காயும். போதுமா என்று தெரிய விரலால் மெல்ல அழுத்துங்கள்: பள்ளம் விழுந்து மெதுவாக மேலே வந்தால் சரி, விரலில் தண்ணீர் ஒட்டினால் அதிகமாகிவிட்டது.

இதெல்லாம் போக கேக் ஜெல் என்று ஒன்று இருக்கிறது. மோனோ, டை கிளிசரைடு வகை எமல்சிஃபையர், அதாவது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்துவைக்கும் பொருள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடித்தாலும் நுரை உடையாமல் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு அவசியமா என்றால் எனக்கு அப்படித் தோன்றவில்லை, கொஞ்சம் கூடினாலும் வாயில் ஒரு வழவழப்பு தங்கிவிடுகிறது.

சாப்பிட்ட பேஸ்ட்ரியை ருசியை வைத்தே வீட்டில் செய்ய முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

முடியும், ஆனால் ருசியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், கத்தியிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு துண்டு சாப்பிட, இன்னொன்று அறுத்துப் பார்க்க. குறுக்கே வெட்டி அடுக்குகளை எண்ணுங்கள், ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேல் வைத்தே பாருங்கள் (வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்). ஸ்பாஞ்சில் ஓட்டைகள் சின்னதாக ஒரே சீராக இருந்தால் முட்டை நுரையோ ஜெல்லோ வேலை செய்திருக்கிறது. பெரிதும் சிறிதுமாக இருந்தால் எண்ணெயும் தயிரும் கலந்து கிளறிய வகையாக இருக்கலாம். கிரீமைத் தனியாக நாக்கில் வையுங்கள். சட்டென்று கரைந்து பால் வாசனை வந்தால் பால் கிரீம். கரையாமல் மேலண்ணத்தில் ஒரு படலம் நின்றால் அது தாவரக் கொழுப்புக் கிரீம். அட்டைப்பெட்டியில் வந்த கேக் என்றால் லேபிளைப் படியுங்கள், எடை அதிகமான பொருளிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதுவதுதான் பொதுவான முறை. மாவுக்கு முன்னால் சர்க்கரை இருந்தால் அதில் மாவைவிடச் சர்க்கரை அதிகம் என்று அர்த்தம்.

அப்புறம், தெரிந்த ஒரு ரெசிபியை எடுத்துக்கொண்டு ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாவையும் முட்டையையும் சூட்டையும் ஒன்றாக மாற்றினால் கேக் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. இன்னொன்று, கப்பை விட்டுவிட்டுத் தராசுக்கு வாருங்கள். அதே கப்பில் மைதாவை அழுத்தி எடுப்பதற்கும் கரண்டியால் தூவி எடுப்பதற்கும் 30 கிராம் வரை வித்தியாசம் வரும், அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது?

8 இஞ்ச் டின்னுக்கான அளவை 6 இஞ்ச் டின்னில் செய்ய எவ்வளவு குறைக்க வேண்டும்?

கால்வாசி குறைத்தால் போதும் என்று தோன்றும், போதாது. வட்டத்தின் பரப்பைப் பார்க்க வேண்டும்: 6-ஐ 6-ஆல் பெருக்கினால் 36, 8-ஐ 8-ஆல் பெருக்கினால் 64. 36-ஐ 64-ஆல் வகுத்தால் 0.56, அதாவது பாதிக்குச் சற்று மேல். எல்லாவற்றையும் அதால் பெருக்குங்கள், பேக்கிங் பவுடர் உட்பட. மூன்று முட்டை 1.7 முட்டை ஆகும், பயப்பட வேண்டாம், ஓடு நீக்கிய முட்டை ஒன்று சுமார் 50 கிராம். இரண்டை உடைத்துக் கலக்கி 85 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். சூடு அதேதான், நேரம் மட்டும் குறையும், பத்து நிமிடம் முன்னாலேயே குச்சி விட்டுப் பாருங்கள்.

முட்டைக்குப் பதில் என்ன போட்டாலும் ஸ்பாஞ்ச் அடையாகிவிடுகிறது. தயிர், ஆளி விதை எல்லாம் பார்த்துவிட்டேன்.

நான்கு முட்டையை நுரைக்க அடித்துச் செய்கிற ரெசிபியில் முட்டைதான் கேக்கே. அதை எடுத்துவிட்டுத் தயிரை வைத்தால் காற்று எங்கிருந்து வரும்? ஒன்றிரண்டு முட்டை உள்ள மஃபின் மாதிரியான ரெசிபியில் முட்டைக்கு 60 கிராம் தயிர் என்று மாற்றினால் சமாளிக்கலாம், ஸ்பாஞ்சுக்கு ஆரம்பத்திலேயே முட்டையில்லாமல் எழுதப்பட்ட ரெசிபியைத்தான் தேட வேண்டும். அதில் தயிரும் பேக்கிங் சோடாவும் சேர்ந்து பொங்கும், கூடவே பேக்கிங் பவுடரும் இருக்கும். ஒரு கப் தயிருக்கு அரை டீஸ்பூன் சோடா போதும். கலந்ததும் தாமதிக்காமல் ஓவனுக்குப் போக வேண்டும், ஃபோன் வந்தால்கூட எடுக்காதீர்கள்.

முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் கவலை புதிதல்ல. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்து வேதியியலாளர் 1837-ல் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரைச் செய்ததே முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக. அவருக்கு ஈஸ்டும் ஆகாது என்பதால் 1843-ல் பேக்கிங் பவுடர் வேறு செய்தார்.

பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டது, அதே அளவு சோடா போடலாமா?

கூடாது. சோடா மூன்று நான்கு மடங்கு வீரியமானது, தவிர புளிப்பான ஏதாவது கூட இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். இல்லையென்றால் சோப்பு வாடை.

விப்பிங் கிரீம் அடிக்கும்போது நன்றாக நிற்கிறது, கேக்கில் பூசிய கொஞ்ச நேரத்தில் வழிகிறது.

கேக் முழுக்க ஆறியிருந்ததா? உள்ளே இளஞ்சூடு இருந்தாலே கிரீம் இறங்கிவிடும். பால் கிரீம் என்றால் கொழுப்பு 35 சதவீதமாவது இருக்கிறதா என்று பாருங்கள், கிண்ணத்தையும் பீட்டரையும் சேர்த்தே குளிர வையுங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் 250 மில்லி கிரீமுக்கு ஒரு டீஸ்பூன் ஜெலட்டினை ஊறவைத்து உருக்கி, சூடு தணிந்ததும் அடித்துக்கொண்டே விடலாம். பேக்கரியில் மணிக்கணக்காக நிற்பது பெரும்பாலும் தாவரக் கொழுப்புக் கிரீம். அது பெரும்பாலும் சர்க்கரையோடேதான் வரும், தெரியாமல் மேலும் போட்டுவிடாதீர்கள். உறைந்த கிரீமை ஃபிரிட்ஜில் வைத்தே இளக்க வேண்டும்.

உப்பி வந்த கேக் நடுவில் குழி விழுகிறது, ஏன்?

வேகாமல் எடுத்திருப்பீர்கள், அல்லது பாதியில் கதவைத் திறந்திருப்பீர்கள், அல்லது பேக்கிங் பவுடர் கூடிவிட்டது. ஓவனும் பொய் சொல்லும், 180 என்று வைத்தால் உள்ளே 160 இருக்கலாம், ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழி விழுந்ததைத் தூக்கிப் போட வேண்டாம். நடுவில் வேகாத பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தை உதிர்த்து, கண்ணாடிக் கிளாஸில் கிரீமும் பழமுமாக மாற்றி மாற்றி அடுக்கிக் கொடுங்கள், திட்டம் போட்டே செய்ததாக நினைத்துக்கொள்வார்கள்.