பழைய சீரியல் மாதிரி இப்போது ஏன் எடுப்பதில்லை?

கேமரா தரமாகிவிட்டது, வீடெல்லாம் பளபளவென்று இருக்கிறது, ஆனாலும் 'மெட்டி ஒலி' போல ஒரு சீரியல் ஏன் வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காசு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மாறியதுதான் முதல் காரணம் என்பேன்.

1999 கடைசியில் சன் டிவியில் 'சித்தி' தொடங்கியபோது இருந்தது ஸ்லாட் முறை. தயாரிப்பாளர் சேனலுக்குப் பணம் கட்டி அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்வார். அதில் வரும் விளம்பர நேரத்தை விற்று, போட்ட முதலை எடுப்பது அவர் பாடு. நஷ்டம் வந்தாலும் அவருக்குத்தான். ஆனால் கதையும் அவருடையது. 'மெட்டி ஒலி'யில் (2002–2005) ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த அப்பாவாக டெல்லி குமார் சம்பந்தி வீட்டில் தயங்கித் தயங்கிப் பேசுவாரே, அந்த நிதானம் முழுக்க இயக்குநர் திருமுருகனின் முடிவு. அவரே 'நாதஸ்வரம்' தொடருக்காகக் காரைக்குடிக்குப் போனார்; 2014இல் அதன் 1000ஆவது எபிசோடை ஒரே ஷாட்டில் நேரலையாகக் கொடுத்தார். அப்படி ஒரு துணிச்சலுக்கு இன்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

விஜய், ஜீ போன்ற சேனல்கள் வேறு வழியில் வந்தன. எபிசோடுக்கு இவ்வளவு என்று சேனலே பணம் கொடுக்கும், உரிமையும் அதனிடமே இருக்கும். பிறகு சன் டிவியும் இந்தப் பக்கம் திரும்பியது. பழைய 'சித்தி'யை அதைத் தயாரித்த ராடான் நிறுவனத்தின் யூடியூப் சேனலில் பார்க்கலாம். விஜய் டிவி தொடர்களுக்கோ ஜியோஹாட்ஸ்டார்தான். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என்று ரீமேக்காகப் போனதும், வங்காள 'ஸ்ரீமொயீ' இங்கே 'பாக்கியலட்சுமி' ஆனதும் இதனால்தான்.

சரி, இது படப்பிடிப்பில் எங்கே தெரிகிறது? வாராவாரம் டிஆர்பி வருகிறது, கதை வளைகிறது. அப்புறம் இருக்கிற காட்சியை இழுக்க வேண்டும். ஒருவர் உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்வார். அறையில் உள்ள அத்தனை முகத்துக்கும் தனித்தனி க்ளோசப், ஒவ்வொன்றுக்கும் இடி மாதிரி ஒரு பின்னணி இசை. அவர்களில் ஒருவர் அன்று வராவிட்டாலும் அவருடைய க்ளோசப்பை வேறொரு நாள் எடுத்து எடிட்டிங்கில் சேர்த்துவிடலாம். எல்லோரும் ஒரே ஃபிரேமில் நின்று நடிக்கும் காட்சிக்கு அந்த வசதி இல்லை. பழைய சீரியல்களிலும் இந்த க்ளோசப் வித்தை உண்டுதான், ஆனால் இவ்வளவு இல்லை.

அதற்காகச் சேனல் காசில் எடுத்தாலே தேறாது என்று நான் சொல்லமாட்டேன். 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம்தான் 2022இல் 'எதிர்நீச்சல்' தொடங்கினார். ஆதி குணசேகரன் வீட்டு மருமகள்கள் நான்கு பேரும் சமையலறையில் நின்று பேசும் காட்சிகளைப் பாருங்கள். வேலையும் நடக்கும், கிண்டலும் நடக்கும், ஒருத்தி பேசும்போது மற்ற மூன்று பேரும் அதே ஃபிரேமில் நடித்துக்கொண்டே இருப்பார்கள்.