மைதானம் கைமாறினால் ஸ்பீட்வே கிளப் பிழைக்குமா?

உங்கள் ஸ்பீட்வே (மண் தடத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம்) மைதானத்தை வாங்கியவர் அங்கே வீடு கட்டப் போகிறார், நன்கொடை திரட்டி வீரர்களுக்குப் பணம் கொடுத்தால் கிளப்பைக் காப்பாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது மட்டும் போதாது. பிரிட்டனில் பல கிளப்புகள் இடம் பறிபோய்த்தான் மூடின. 2023 கடைசியில் பீட்டர்பரோ, வுல்வர்ஹாம்ப்டன் கிளப்புகள் இரண்டுக்கும் அதே கதி.

கவென்ட்ரி கிளப்பைப் பாருங்கள். 2016க்குப் பிறகு அவர்களுடைய பிராண்டன் மைதானத்தில் பந்தயமே இல்லை. ஆனாலும் ரசிகர்கள் விடாமல் எதிர்த்தார்கள். அங்கே வீடு கட்டும் திட்டத்தை, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ரக்பி என்ற ஊரின் நகராட்சி 2022இல் நிராகரித்தது.

அதனால் முதலில் வீடு கட்ட அனுமதி கேட்டு உங்கள் நகராட்சிக்கு விண்ணப்பம் வந்துவிட்டதா என்று விசாரியுங்கள். வந்திருந்தால் கெடுவுக்குள் ஆளுக்கொரு ஆட்சேபக் கடிதம், அவரவர் சொந்த வார்த்தையில். அப்புறம் நன்கொடை. மழையில் ஒரு இரவுப் பந்தயம் ரத்தானால் டிக்கெட் வசூல் போச்சு. திரட்டியதில் கொஞ்சம் அதற்கு ஒதுக்கி வையுங்கள்.