ப்ளூ பேயில் படகை நிறுத்தலாமா?

மொரிஷியஸின் தென்கிழக்குக் கரையில் உள்ள மாஹேபூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் அக்கா மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து நண்பர்களோடு 12 மீட்டர் பாய்மரப் படகில் வருகிறான். புரட்டாசியில் கோவிந்தன் பூசைக்கு நம் வீட்டில் இருப்பான். படகை ப்ளூ பேயில் நிறுத்திக்கொள்கிறேன் என்கிறான். அங்கே கரையில் ஒருவர், தன் மிதவையில் கட்டிக்கொள்ளலாம், நாள் வாடகை தந்தால் அனுமதியையும் தானே பார்த்துக்கொள்வேன் என்கிறார். நம்பலாமா?"

நம்பாதீர்கள் ஐயா. முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

ப்ளூ பே 2000-இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2008-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. 353 ஹெக்டேர். அதற்குள் நங்கூரம் போடத் தடை. படகைக் கட்டி நிறுத்துவதென்றால் அதற்கென ஒதுக்கிய பகுதியில், மீன்வளத் துறையின் எழுத்துமூல அனுமதியோடுதான். நீந்தும் இடம், நீர்ச்சறுக்குத் தடம், முழுப் பாதுகாப்புப் பகுதி என்று உள்ளே இன்னும் பல பிரிவுகள் உண்டு. அவற்றை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஒரு நங்கூரம் என்ன கெடுத்துவிடும் என்று கேட்பார்கள். கெடுப்பது சங்கிலி. ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒழுங்காக நங்கூரமிட்டால் முப்பது மீட்டர் சங்கிலியாவது விட வேண்டும். காற்று திசை மாற மாற, அது தரையோடு தரையாக அரைத்துக்கொண்டே சுற்றும். பாறைபோல் திரண்டு வளரும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. உங்கள் தாத்தா காலத்தில் முளைத்தது ஒரே இரவில் நொறுங்கிவிடும்.

"வாகாஷியோ கொட்டிய எண்ணெயை விடவா?" என்று கரையில் வாதம் செய்பவர்களும் உண்டு. 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற அந்தச் சரக்குக் கப்பல் தரை தட்டியது பக்கத்திலேயே, பாயிண்ட் தெஸ்னிக்கு எதிரே உள்ள பவளத் திட்டில். எண்ணெய் பெரும்பாலும் வடக்கே, உங்கள் மாஹேபூர் பக்கம் போனது. தப்பிப் பிழைத்த இடத்தை நாமே நங்கூரத்தால் கிளற வேண்டுமா?

சரி, அந்த மிதவைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இவர்கள்தான். தண்ணீருக்கு மேலே தெரிவது ஒரு பிளாஸ்டிக் உருண்டை. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று கட்டுபவருக்குத் தெரியாது. பிரோக் என்னும் சிறு மீன்பிடிப் படகுக்கோ சிறிய மோட்டார் படகுக்கோ போட்ட கான்கிரீட் கட்டையாக இருக்கும். மருமகனின் படகோ எட்டு, பத்து டன் கனக்கும். தென்கிழக்குக் காற்று ஓங்கினால் அந்தக் கட்டையையே இழுத்துக்கொண்டு போகும். கயிற்றையும் சங்கிலியையும் இணைக்கும் வளையத்தை ஒரு தடவை முங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். துரு தின்று பென்சில் கனத்துக்கு மெலிந்திருந்தாலும் மேலே எந்த அடையாளமும் தெரியாது. கட்டு அறுந்து படகு பவளத்தில் ஏறிவிட்டால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது, "யார் மிதவை, எந்த அனுமதி?" என்றுதான். மிதவைக்காரர் தன் படகுக்கு வாங்கிய அனுமதித் தாளை உங்களிடம் நீட்டுவார். அதில் உங்கள் படகின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது உங்களுக்கு வெறும் தாள்.

நங்கூரத் தடைக்கு உள்ள ஒரு விலக்கைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். இயந்திரம் நின்றுபோய், பாயும் கைகொடுக்காமல், அலை திட்டை நோக்கித் தள்ளுகிறதென்றால் நங்கூரத்தைப் போடுங்கள். உயிர்தான் முதலில். முடிந்தவரை மணல் தெரியும் வெளிர்நிறத் தண்ணீராகப் பார்த்துப் போடுங்கள். உடனே படகின் வி.எச்.எஃப். வானொலியில் 16-ஆம் சேனலில் கடலோரக் காவல்படையைக் கூப்பிட்டு இடத்தையும் காரணத்தையும் சொல்லுங்கள். நேரத்தைப் படகின் பதிவேட்டில் எழுதுங்கள். பழுது சரியானதும், அல்லது இழுவைப் படகு வந்ததும், கிளம்பிவிடுங்கள். இருட்டிவிட்டது, நெடும்பயணக் களைப்பு, ஒருவருக்கு வாந்தி, மாமா வீட்டுச் சாப்பாடு காத்திருக்கிறது: இவை எதுவும் அவசரநிலை ஆகாது. கூப்பிடாமல் இருந்துவிட்டு, பிடிபட்ட பிறகு "இயந்திரக் கோளாறு" என்றால் யார் நம்புவார்கள்?

தரகர்கள் பிழைப்பதற்கு நம் நிர்வாகமும் ஒரு காரணம். பூங்கா ஒரு துறையிடம், உல்லாசப் படகு உரிமம் இன்னொன்றிடம், கடல் ரோந்து காவல்துறையிடம், துறைமுகம் வேறொருவரிடம். வெளிநாட்டிலிருந்து வருபவர் எந்தக் கதவைத் தட்டுவார்? வந்து இறங்கியதும் ஒரே வரைபடம், ஒரே படிவம் என்று கையில் கொடுத்தால் கரையில் இந்த வியாபாரமே நடக்காது. இதைச் செய்ய இத்தனை ஆண்டுகள் போதவில்லையா?

மருமகனிடம் இப்படிச் சொல்லுங்கள். வழியில் ப்ளூ பே கண்ணில் பட்டாலும் உள்ளே திரும்பக் கூடாது. நுழைவுச் சோதனை கேட்கும் அடையாளமான மஞ்சள் கொடியை ஏற்றி நேராகப் போர்ட் லூயிஸ் துறைமுகம். சுங்கம், குடிவரவு, சுகாதாரம் மூன்றும் முடிந்த பிறகே கரையில் கால் வைக்கலாம். அப்புறம் கடலோரக் காவல்படையிடம் சொல்லிவிட்டுக் கிராண்ட் பே போகட்டும். புரட்டாசியில் தென்கிழக்குக் காற்று நிற்காது. தீவின் மறுபக்கத்தில் இருக்கும் அந்த விரிகுடா அந்தக் காற்றுக்கு மறைவானது. வெளிநாட்டுப் படகுகள் வழக்கமாக நிற்கும் இடமும் அதுதான். அங்கிருந்து பஸ்ஸிலோ காரிலோ உங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம். பவளம் பார்க்க ஆசை என்றால் ப்ளூ பேயில் உரிமம் பெற்ற கண்ணாடி அடித்தளப் படகுகள் ஓடுகின்றன. ஏறும் முன் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ப்ளூ பேயில்தான் கட்டுவேன் என்றால், அவன் புறப்படுவதற்கு முன்பே நீங்கள் மீன்வளத் துறைக்கு நேரில் போய், படகின் பதிவுச் சான்று, நீளம், எடை, காப்பீட்டுத் தாள் ஆகியவற்றின் நகலைக் கொடுத்துக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.