ராம்சேஸின் மூக்கில் மிளகு

அன்புள்ள ஐயா,

எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸின் மம்மியில், மூக்குக்குள் மிளகு இருந்ததாம். நம் மிளகுதான் 3,200 ஆண்டுகளாக அந்த உடலைக் கெடாமல் காத்தது என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். இன்னொன்றில், உடலை 70 நாள் உப்புநீரில் ஊறப்போட்டார்கள் என்கிறார்கள். எது சரி?

ஒரு வாசகர், தென்காசி

அன்புள்ள நண்பருக்கு,

மிளகு இருந்தது உண்மை. ஆனால் உடலைக் காத்தது அது அல்ல. ராம்சேஸுக்கு நீண்டு வளைந்த மூக்கு. துணி சுற்றி இறுக்கும்போது அது நசுங்காமல் இருக்க உள்ளே மிளகை அடைத்திருக்கிறார்கள். மிளகின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலை, கி.மு. 1213-இல் இறந்தவனின் உடலில் அது கிடைத்தது வணிக வரலாற்றில் மிகப் பெரிய தடயம். அந்தப் பெருமை போதும். செய்யாத வேலையை அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

உடலைக் காத்தது நேட்ரான் என்ற உப்பு. கெய்ரோவுக்கு வடமேற்கே வாடி நேட்ரூன் ஏரிகள் வற்றும்போது கரையில் படிவது. சலவைச் சோடா, சமையல் சோடா, சோற்றுப்பு எல்லாம் அதில் கலந்திருக்கும். உப்பு நீரை இழுக்கும். சோடா கொழுப்பைச் சிதைக்கும். ஈரம் போனால் அழுகவைக்கும் நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை. கருவாடு கெடாமல் இருக்கும் அதே காரணம்தான்.

அதைப் பொடியாகவே, உலர்ந்த நிலையில்தான் பயன்படுத்தினார்கள். கரைசலில் போட்டால் உடல் ஊறி, தோல் உரிந்து வரும். 1994-இல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் பாப் பிரையரும் ரொனால்ட் வேடும், தானமாகக் கிடைத்த ஓர் உடலைப் பழைய முறைப்படியே பதப்படுத்திப் பார்த்தார்கள். 250 கிலோவுக்கு மேல் நேட்ரான் பிடித்தது. உடலை மூடி, வயிற்றுக்குள்ளும் பொட்டலங்களாக வைத்து, வெப்பமான அறையில் 35 நாள் விட்டார்கள். உடல் நன்றாகவே உலர்ந்தது. மூளையைக் கொக்கியால் இழுத்து எடுக்க முடியாது என்பதும் அப்போது தெரிந்தது. மூக்கு வழியே கம்பியை விட்டுக் கலக்கி, நீராக்கி, உடலைக் கவிழ்த்து வடியவிட வேண்டியிருந்தது.

70 நாள் கணக்கு பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸிடமிருந்து வருகிறது. அவர் எழுதியது ராம்சேஸுக்கு ஏறத்தாழ 800 ஆண்டுகள் கழித்து. 70 நாளும் நேட்ரானில் என்கிறார் அவர். உண்மையில் அது மொத்தச் சடங்குக்கும் ஆன காலம். உலர்த்த 35 முதல் 40 நாள். மீதி நாள்களில் கழுவுவது, எண்ணெயும் பிசினும் பூசுவது, துணி சுற்றுவது. விவிலியத்தின் ஆதியாகமத்தில் யாக்கோபுக்குச் சுகந்தவர்க்கமிட (அதாவது உடலைப் பதப்படுத்த) 40 நாள், எகிப்தியர் துக்கம் 70 நாள் என்று வருவதும் இதோடு பொருந்துகிறது.

நாளை விட முக்கியம் வேகம். முதலில் அழுகுவது குடல். அதனால் இடது விலாவுக்குக் கீழே கீறி குடல், இரைப்பை, ஈரல், நுரையீரல் நான்கையும் உடனே எடுத்துத் தனியாக உலர்த்தினார்கள். இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டார்கள்; மறுமையில் நன்மை தீமையை அறியத் தராசில் வைத்து நிறுக்கப்படுவது அதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை.

எல்லா உடலும் நன்றாக வந்துவிடவில்லை. இன்னொரு மன்னன் துத்தன்காமன் மேல் வாசனைத் தைலத்தை அளவுக்கு மீறிக் கொட்டினார்கள். அது கெட்டியாகி உடலைச் சவப்பெட்டியோடு ஒட்டவைத்தது, துணியும் கருகிப்போனது. 1925-இல் உடலைத் துண்டுதுண்டாக வெட்டித்தான் எடுக்க முடிந்தது. மன்னன் உடலுக்கு நேர்ந்த பெருங்கொடுமை அது. 21-ஆம் வம்சத்து அரசி ஹெனுத்தாவியின் கன்னத்தில், உயிரோடு இருப்பது போலத் தெரிய வேண்டுமென்று, தோலுக்கு அடியில் நிறையத் திணித்தார்கள். தோல் தாங்காமல் முகம் வெடித்துவிட்டது.

ராம்சேஸின் உடலையும் ஈரம் விடவில்லை. 1881-இல் கல்லறையிலிருந்து வெளிவந்த பிறகு அருங்காட்சியகத்தில் இருந்த அந்த உடலில் பூஞ்சை பிடித்தது. 1976-இல் பாரிசுக்குக் கொண்டுபோய், அடுத்த ஆண்டு காமா கதிர் செலுத்தி அதை அழித்தார்கள். மூக்கில் மிளகு இருப்பது தெரிந்ததும் அங்கே நடந்த ஆய்வில்தான்.